ஏ-மூன்று

பிராட்வே சந்தில் தஸ்தகீர் பாய் கடை.
கண்ணாடிக்குள் தொங்குகின்றன
ஒருநாளும் நீந்தாத மீன்கள்:
பச்சை முதுகு, ஆரஞ்சு வயிறு,
வெள்ளை உடம்பில் சிவப்புத் தலை.
"இது ஜப்பான் லூர், இது மலேசியா.
இதப் போட்டா பத்து கிலோ கொடுவா கியாரண்டி."
யாருக்குக் கியாரண்டி, பாய்?
இந்த வண்ணங்களில் பாதி
கடைக்கு வருகிற கண்களைப் பிடிக்கப் பூசியவை.
மூன்று வருடமாக நன்றாகவே மாட்டியிருக்கிறேன்,
பெட்டி நிறைய.

வாரத்தில் ஆறு நாள் பல் செய்கிறவள் நான்.
தங்கசாலையில் மாடி லேப்.
வந்த புதிதில் முத்துப்போல் செய்வேன்,
முத்துப்போல் இருப்பதாலேயே திரும்பி வரும்.
இப்போது தெரியும்:
விளிம்பில் ஒரு கீறல்,
ஈறோரம் காபிக்கறை மாதிரி கொஞ்சம் பழுப்பு,
பக்கத்துப் பல்லின்மேல் அரை மில்லிமீட்டர் சாய்வு.
பிழையைச் சரியாகச் செய்துவிட்டால்
கல்யாண போட்டோவில்கூட யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஞாயிறு, விடிகாலை நாலரை, எண்ணூர்.
அனல்மின் நிலையத்தின் விளக்குகள்
கழிமுகத்தில் நெளிகின்றன.
சாம்பல் கரைந்த தண்ணீர்.
கையை முக்கினால் விரல் நுனி தெரியவில்லை.
கலங்கலுக்குப் பளிச்சென்று போடு என்பார்கள்.
போட்டேன். மஞ்சள், அப்புறம் தங்கம்,
அப்புறம் வயிற்றுக்குள் குண்டு உருளும் கிலுகிலுப்பை ஒன்று.
ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
பாலத்தூண் இருட்டில் ஒரே ஒரு தடவை
தப்பென்று சத்தம்,
ஈரச் சாக்கைத் தரையில் அறைந்ததுபோல்.
அங்கேதான் இருக்கிறது.
என்னுடைய எதையும் மதிக்கவில்லை.

வள்ளத்தில் போன தேசப்பன் அண்ணன் கேட்டார்:
"உசுரு எறா ஒண்ணு கோத்துப் போட்டா
முடிஞ்சிது. இன்னாத்துக்கும்மா இந்த பிளாஸ்டிக்?"
உயிரைக் கொடுத்து உயிரை வாங்குவது
கணக்கு. புரிகிறது.
எனக்கு வேண்டியது,
நான் செய்த பொய்யை அது நம்ப வேண்டும்.
வாய்விட்டுச் சொன்னால் அசிங்கமாக இருக்கும்.
"சும்மாதாண்ணே" என்றேன்.

பெட்டியின் அடியில் கிடந்தது அது.
லேபில் அரைமணி திருடி நானே பூசியது.
நிறம் ஏ-மூன்று.
டீ குடித்து, வெற்றிலை போட்டு,
நாற்பதைத் தாண்டிய வாயின் வெள்ளை.
பின் மும்முள்ளைக் கழற்றி
விலாவில் ஈயத்துண்டு ஒட்டியிருந்தேன்,
ஒருபக்கம் சாய்ந்து தடுமாறும்படி.
அடிபட்ட மடவைக் குஞ்சு.
கூட்டத்தோடு போகமுடியாத ஒன்று.

எறிந்தேன்.
இழுத்தேன்.
நிறுத்தினேன்.
மூன்று எண்ணி ரீலைத் தொடுவதற்குள்
ராடு என் கையில் இல்லாததுபோல் ஆனது,
பிறகு ராடு மட்டுமே நானாக இருந்தேன்.
தூணைச் சுற்றப் பார்த்தது. விடவில்லை.
எகிறிச் செவுளை விரித்துத் தலையை உதறியபோது
டார்ச்சில் அதன் கண் தணல்.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.

தேசப்பன் தராசு எட்டு கிலோ அறுநூறு காட்டியது.
பத்து இல்லை, பாய்.

கட்டைவிரலை அதன் கீழ்த்தாடைக்குள் வைத்தேன்,
தொழில் பழக்கம்.
பல் என்று சொல்ல ஒன்றுமில்லை.
உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, அவ்வளவுதான்.
இவ்வளவு பெரிய பசிக்கு இவ்வளவு சின்ன ஏற்பாடு.
எனக்கு அங்கே செய்ய வேலையே இல்லை.

விட்டுவிட்டேன்.
ஏமாற்றியதற்குமேல் தின்னவும் வேண்டுமா என்று தோன்றியது.
தேசப்பன் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

திங்கள்கிழமை மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லை
வழித்துக்கொண்டிருக்கும்போது
விரல் தோல் தேய்ந்த இடத்தில் மெழுகு ஒட்டியது.
துடைக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"எந்த லூர்ல விழுந்திச்சு?" தஸ்தகீர் பாய் கேட்டார்.
பல் நிறத்தில் ஒன்று, கொஞ்சம் நொண்டும் என்றேன்.
கண்ணாடிக்குள் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
"அது ஸ்டாக் இல்லியேம்மா."